எபிசோட் 37: பாஸ்டனில் உண்மை சொன்னால் சீட் கிடைக்காது

போன எபிசோடுல 1954 பிரவுன் தீர்ப்பைப் பத்திப் பேசினப்போ, பாஸ்டன் நகரத்துப் பள்ளிப் பேருந்துக் கலவரத்தை ரெண்டு வரியில சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அதுக்கு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. பெரும்பாலும் ஒரே கேள்விதான்: சரி, கலவரமெல்லாம் ஓய்ந்த பிறகு அந்த ஊரில் பிள்ளைகளுக்கு எப்படித்தான் பள்ளிக்கூடம் ஒதுக்கினாங்க?

இன்றைக்கு அந்தக் கதை. கலவரத்தைவிட இதுதான் எனக்கு சுவாரஸ்யமாகப் பட்டது. ஏன்னா இதில் வில்லன்னு யாரும் கிடையாது. ஒரு விண்ணப்பப் படிவம், ஒரு குலுக்கல், ஒரு கம்ப்யூட்டர் நிரல். இவ்வளவுதான். ஆனால் பல வருஷம் அந்தப் படிவத்தில் மனசில் இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்த பெற்றோரின் பிள்ளைகள் இடம் கிடைக்காமல் நின்றார்கள்.

முதலில் பின்னணி. 1974 ஜூன் மாதம் நீதிபதி ஆர்தர் கேரிட்டி ஒரு தீர்ப்பு கொடுத்தார். பாஸ்டன் பள்ளிக் குழு வேண்டுமென்றே கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் பிரித்து வைத்திருக்கிறது என்றார். பேருந்தில் ஏற்றி, பேட்டை விட்டுப் பேட்டை அனுப்பி, பள்ளிகளைக் கலக்க உத்தரவிட்டார். அந்த செப்டம்பரில் தெற்கு பாஸ்டனில் கறுப்பினக் குழந்தைகள் வந்த பேருந்துகள் மீது கல் விழுந்தது. வசதியுள்ளவர்கள் புறநகருக்கும் தனியார் பள்ளிகளுக்கும் கிளம்பினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் 90,000-க்கு மேல் பிள்ளைகள் படித்த அரசுப் பள்ளிகளில், எண்பதுகளின் கடைசியில் 60,000 பேர்கூட இல்லை.

மாணவர் ஒதுக்கீட்டை நீதிமன்றம் 1987-ல் தன் பிடியிலிருந்து விட்டது. 1989-ல் நகரம் புதுசா ஒரு திட்டம் போட்டது. சார்லஸ் வில்லி, மைக்கேல் ஆல்வ்ஸ் என்ற இருவர் வகுத்தது. ஆரம்பப் பள்ளிகளுக்கும் நடுநிலைப் பள்ளிகளுக்கும் ஊரை மூன்று மண்டலமாகப் பிரித்தார்கள். இந்தத் தெருப் பிள்ளை இந்தப் பள்ளிக்குத்தான் என்ற கட்டாயம் இனி இல்லை. உங்கள் மண்டலத்தில் பிடித்த பள்ளிகளைக் குறைந்தது மூன்று, வரிசைப்படுத்தி எழுதிக் கொடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கிறோம் என்றார்கள்.

ஒரு பள்ளிக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் யாருக்கு முன்னுரிமை? அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் முன்னுரிமை. நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால் முன்னுரிமை. ஆரம்பப் பள்ளிக்கு அது ஒரு மைல். அதற்கும் மேலே சமநிலை வந்தால் குலுக்கல் எண். கேட்கும்போது இதில் குறை சொல்ல ஏதாவது இருக்கா? எனக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை.

கோளாறு இருந்தது கம்ப்யூட்டர் அந்தப் படிவங்களை வாசித்த விதத்தில். முதல் சுற்றில் எல்லோருடைய முதல் விருப்பத்தை மட்டும் எடுக்கும். அதை வைத்து இடங்களை நிரப்பும், அதுவும் நிரந்தரமாக. அப்புறம் இடம் கிடைக்காதவர்களின் இரண்டாம் விருப்பம், மீதி இருக்கிற இடங்களுக்கு மட்டும். பிறகு மூன்றாவது.

ஒரு அம்மாவை வச்சு யோசிப்போம். அவருக்கு ஊரே ஆசைப்படும் ஒரு பள்ளி மேல் ஆசை. அது கிடைக்கலைன்னா வீட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளி போதும். உள்ளதை உள்ளபடி அந்த வரிசையிலேயே எழுதுகிறார். குலுக்கலில் முதல் பள்ளி போச்சு. சரி, எதிர்ப் பள்ளியில்தான் நமக்கு முன்னுரிமை இருக்கே என்று பார்த்தால், அது முதல் சுற்றிலேயே நிரம்பிவிட்டது. அதை முதல் விருப்பமாக எழுதிய, ஒரு மைலுக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைகூட உள்ளே இருக்கிறது. இந்த அம்மாவின் முன்னுரிமை காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

அப்போ என்ன செய்யணும்? உண்மையான ஆசையை மறைக்கணும். எது கிடைக்குமோ அதைத்தான் என் முதல் ஆசைன்னு எழுதணும்.

இது தெரிந்தவர்கள் இருந்தார்கள். நகரின் மேற்கு மண்டலத்தில் பெற்றோர் குழு ஒன்று, சுமார் 180 பேர், தவறாமல் கூடி இதைத்தான் பேசியது. அவர்கள் புதியவர்களுக்குச் சொன்ன யோசனை ரெண்டு. ஒன்று, உனக்கும் பிடித்து, கூட்டமும் இல்லாத பள்ளியைக் கண்டுபிடித்து முதலில் போடு. இல்லையா, பேர்பெற்ற பள்ளியை முதலில் போட்டுத் துணிந்து பார், ஆனால் இரண்டாவதாகக் கூட்டமில்லாத பள்ளியைப் போட்டுப் பாதுகாத்துக்கொள். இரண்டு பேர்பெற்ற பள்ளிகளை அடுத்தடுத்துப் போட்டால் தொலைந்தாய்.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு சின்ன ஒப்புதல். என் மகளுக்கு எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அலைந்தபோது ஒரு பள்ளியில், வேறு எங்கே விண்ணப்பம் போட்டிருக்கீங்க என்று கேட்டார்கள். நான் நாலு இடத்தில் போட்டிருந்தேன். "வேற எங்கேயும் இல்ல மேடம், இந்த ஸ்கூல்தான்" என்றேன். முதல் நாளே ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வசனம் அது. எங்கள் கீழ்வீட்டுக்காரர், பெயின்டிங் கான்ட்ராக்டில் வேலை செய்பவர், அதே கேள்விக்கு உள்ளதைச் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் அதுதானா என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவரை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நண்பர் ஞாபகம்தான் வரும். கீழ்வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு நண்பர் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்டனில் அப்படி நண்பர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? இதை எண்ணிப் பார்த்தார்கள். 2001-02 சேர்க்கையில் 15,135 மாணவர்களின் படிவங்களை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, 2,910 பேர் கூட்டம் பிதுங்கும் இரண்டு பள்ளிகளையே முதல் இரண்டு விருப்பமாக எழுதியிருந்தார்கள். அந்தப் பெற்றோர் குழு செய்யாதே என்று எச்சரித்த அதே தவறு. அவர்களில் 782 பேருக்கு, எழுதிக் கொடுத்த பள்ளி எதுவும் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட நாலில் ஒருவர்.

இந்த ஆய்வுக்குக் காரணம் துருக்கியில் பிறந்த இரண்டு பொருளாதார அறிஞர்கள். அதிலா அப்துல்காதிரோலு, தாய்ஃபுன் சோன்மெஸ். 2003-ல் அவர்கள் எழுதிய கட்டுரை பாஸ்டன் முறையைப் பெயர் சொல்லியே பிரித்து மேய்ந்தது. அந்த செப்டம்பரில் பாஸ்டன் குளோப் பத்திரிகை அதைச் செய்தியாக்கியது. அடுத்த மாதமே பள்ளி அதிகாரிகள் இவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். ஆல்வின் ராத், பராக் பாத்தக் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். தன் முறையைப் பத்திரிகையில் கிழித்தவரையே வரவழைத்துக் கேட்ட அதிகாரிகளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இவர்கள் சொன்ன மாற்று புதிதல்ல. 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இருந்தது. சூட்சுமம் ஒரே வார்த்தையில்: தற்காலிகம். முதல் சுற்றில் பள்ளி யாரையும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளாது, பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் அதைவிட முன்னுரிமை உள்ள பிள்ளை இரண்டாம் விருப்பமாக வந்தால், முன்னாடி வைத்திருந்தவரை விட்டுவிட்டு இவரை எடுக்கும். விடுபட்டவர் தன் அடுத்த விருப்பத்துக்குப் போவார். யாரும் நகர வேண்டியதில்லை என்ற நிலை வந்த பிறகுதான் பட்டியல் உறுதியாகும்.

நம்ம அம்மாவுக்கு இப்போது கவலையில்லை. பெரிய பள்ளியை முதலில் எழுதித் தோற்றாலும், எதிர்ப் பள்ளியில் அவருடைய முன்னுரிமை அப்படியே காத்திருக்கிறது. உள்ளதை எழுதினால் நஷ்டமே வராது என்பதைக் கணிதமே நிரூபித்துவிட்டது. 2012-ல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் கிடைத்ததில் இந்த வேலைக்கும் பங்குண்டு.

உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. 2004-ல் நகரம் அமைத்த குழு வேறொரு முறையைப் பரிந்துரைத்தது. அதில் ஒரு பிள்ளை தன் முன்னுரிமையை இன்னொரு பிள்ளையோடு மாற்றிக்கொள்ள முடியும். அண்ணன் படிக்கிறான் என்பதற்காகக் கொடுத்த சலுகையைச் சந்தைச் சரக்கு மாதிரி கைமாற்றுவதா என்று அதிகாரிகள் தயங்கி, கேல்-ஷாப்லி முறைக்கே வந்தார்கள். 2005-ல் நடந்த பொது விசாரணையில் அந்த மேற்கு மண்டலப் பெற்றோர் குழு எதிர்த்துப் பேசியது. முறையை மாற்றாதீர்கள், எப்படி எழுதினால் ஆபத்து என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள், போதும் என்பது அவர்கள் வாதம். சூப்பரின்டென்டென்ட் தாமஸ் பேசான்ட் வேறு பக்கம் நின்றார். வியூகம் வகுக்கத் தெரியாதவர்களுக்கு இப்போதைய முறை தீங்கு செய்கிறது, அதைக் குறைப்பதுதான் சமதளம் என்றார். அந்த ஜூலையில் பள்ளிக் குழு வாக்களித்துப் பழைய முறையைக் கைவிட்டது. கணிதத்தின் நேர்த்தியைவிட, ஏமாறுகிறவர் யார் என்ற கேள்விதான் அந்த அறையில் எடுபட்டது என்பது என் எண்ணம்.

இங்கிலாந்திலும் இதே நோய் இருந்தது. எங்களை முதலில் எழுதினால்தான் பார்ப்போம் என்று பள்ளிகள் சொல்லும் வழக்கத்தை 2007 சேர்க்கை விதிகள் நாடு முழுக்கத் தடை செய்தன.

இதோடு முடிச்சிருக்கலாம். ஆனால் பாஸ்டனில் இன்னொரு கோளாறு ஒளிந்திருந்தது. அது நம்ம ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

இன அடிப்படையிலான ஒதுக்கீட்டைக் கைவிடுவதென்று 1999-ல் பாஸ்டன் முடிவு செய்தபோது ஒரு சமரசம் செய்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் பாதி இடத்தில் நடை தூரப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, மீதிப் பாதி எல்லோருக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் சந்தோஷம், தூரத்து ஏழைக்கும் வாய்ப்பு. 2012-ல் மேயர் தாமஸ் மெனினோ ஒதுக்கீட்டை மறுபடி திருத்தச் சொன்னபோது, இந்தப் பாதியைக் கூட்டணுமா குறைக்கணுமா என்று ஊரே சண்டை போட்டது.

அப்போது பாத்தக், சோன்மெஸ் குழு ஒன்றைக் கவனித்தது. கணக்கு சுலபம். 100 இடம். பக்கத்துப் பிள்ளைகள் 100 பேர், தூரத்துப் பிள்ளைகள் 100 பேர். நிரல் முதலில் நடை தூரப் பாதியை நிரப்புகிறது. குலுக்கலில் நல்ல எண் வந்த 50 பக்கத்துப் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். அடுத்து பொதுப் பாதி. இப்போது மிச்சமிருக்கும் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் மோசமான எண் வாங்கியவர்கள். தூரத்துப் பிள்ளைகளே அந்த 50-ஐயும் ஏறத்தாழ முழுசா எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் 50-க்கு 50. முன்னுரிமையே கொடுக்காமல் வெறும் குலுக்கல் போட்டிருந்தாலும் இதே 50-க்கு 50தான்! வரிசையைத் திருப்பி, பொதுப் பாதியை முதலில் நிரப்பியிருந்தால் அதில் 25 பக்கம், 25 தூரம். பிறகு நடை தூரப் பாதியில் 50. மொத்தம் பக்கத்துப் பிள்ளைகள் 75.

தமிழ்நாட்டில் கவுன்சலிங் பார்த்த எவருக்கும் இது புதுசில்லை. 69 சதவீத இடஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் பொதுப் பிரிவு. அதை முதலில் மதிப்பெண்படி, எந்தச் சமூகமானாலும், நிரப்பிவிட்டுத்தான் இடஒதுக்கீட்டு இடங்களுக்கு வருவோம். பொதுப் பிரிவில் தேர்வானவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 1992 மண்டல் தீர்ப்பும் சொல்கிறது. வரிசையைத் திருப்பினால், சதவீதத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் ஒதுக்கீட்டின் பலனைக் கரைத்துவிடலாம். நாம் தெருவில் இறங்கிக் கற்ற பாடத்தை பாஸ்டன் ஆய்வுக் கட்டுரையில் படித்தது.

பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த ஊர் ஏறத்தாழ இல்லாத ஒரு சலுகைக்காகச் சண்டை போட்டிருக்கிறது. காக்க நினைத்தவர்களும் சரி, ஒழிக்க நினைத்தவர்களும் சரி. இது வெளியே வந்ததும் அப்போதைய சூப்பரின்டென்டென்ட் கேரல் ஜான்சன், 2013 மார்ச்சில், நடை தூர முன்னுரிமையையே நீக்கச் சொன்னார். பள்ளிக் குழு ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பதிலாக 2014-ல் வந்த முறையில், வீட்டு முகவரியைக் கொடுத்தால் அந்த வீட்டுக்கென்று ஒரு பள்ளிப் பட்டியல் வரும். பக்கத்துப் பள்ளிகளும் தரமான பள்ளிகள் சிலவும் அதில் இருக்கும். அதிலிருந்து வரிசைப்படுத்த வேண்டியதுதான். பொய் சொல்ல அவசியமில்லை, நிரல் சுத்தம். 2018-ல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆய்வுக் குழு அதன் பலனைக் கணக்கெடுத்தது. கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வாழும் பேட்டைகளில் பட்டியலுக்குள் நல்ல பள்ளிகள் குறைவு, இருப்பவற்றுக்குப் போட்டியும் அதிகம் என்று தெரிந்தது. 1974-ல் கேரிட்டி பேருந்து அனுப்பச் சொன்னாரே, பெரும்பாலும் அதே பேட்டைகள்தான்.