கோடரியும் கோட்பாடும்

குற்றம் என்பது சட்டம் தடைசெய்து தண்டனைக்குரியதாக அறிவித்த செயல் என்று சட்ட நூல்கள் வரையறுக்கின்றன. அச்செயலை ஒருவர் ஏன் செய்கிறார், சில ஊர்களிலும் சில காலங்களிலும் அது ஏன் மிகுகிறது, சமூகம் அதை எவ்வாறு எதிர்கொள்கிறது என்று மேலும் வினவுவது குற்றவியல். இத்துறையின் கோட்பாடுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்தவை. ஆயினும் அவற்றின் வலிமையையும் குறையையும் உரசிப் பார்ப்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரும் அதன் மேற்கே எழும் ஜவ்வாது மலையும் பொருத்தமான களமாக உள்ளன. இப்பகுதியின் கூலித் தொழிலாளர்கள் ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டச் சென்று, சிறையிலும் சில வேளைகளில் பிணவறையிலும் முடிந்த வரலாறு அண்மைக் காலத்தது.

கடப்பை, சித்தூர் வட்டாரத்து மலைகளில் செறிந்து வளரும் செம்மரம், சீனாவில் உயர்விலை மரச்சாமான்களுக்கும் ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பு இசைக்கருவிக்கும் வேண்டப்படுவது. அழிவை நோக்கிச் செல்லும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இடம்பெற்றிருப்பது. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரோ சாமை விதைத்தும், புளியும் கடுக்காயும் தேனும் சேகரித்தும் வாழ்பவர்கள். மானாவாரி விளைச்சல் ஆண்டு முழுதும் சோறு போடாததால், கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்வது அவர்களுக்கு வழக்கமாயிற்று. அந்தப் பயணத்தின் நடுவேதான் முன்பணத்தோடு செம்மரத் தரகர் நுழைந்தார்.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தனர். தமிழகத்தைச் சேர்ந்த இவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தினர். கோடரிகளோடும் கற்களோடும் தாக்கியவர்களைத் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. இறந்தவர்களில் சிலர் முந்தைய நாளே பேருந்துப் பயணத்தின்போது பிடித்துச் செல்லப்பட்டவர்கள் என்று, உடன் சென்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர்.

இந்நிகழ்வை முதலில் செவ்வியல் கோட்பாட்டின் வழியே நோக்கலாம். இத்தாலியரான செசாரே பெக்காரியா 1764-இல் வெளியிட்ட நூலில், மனிதர் இன்பதுன்பங்களை எண்ணிப் பார்த்தே செயல்படுகிறார்கள் என்றும், தண்டனை உறுதியானதாகவும் விரைவானதாகவும் குற்றத்துக்கு ஏற்ற அளவினதாகவும் இருந்தால் குற்றம் குறையும் என்றும் வாதிட்டார். தண்டனையின் கொடுமையைவிட அதன் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் முடிவு. சித்திரவதையையும் மரண தண்டனையையும் அவர் எதிர்த்தார். ஆகவே, விசாரணையின்றி உயிரைப் பறிப்பது இக்குற்றத்தை அச்சுறுத்தி ஒடுக்கும் வழி என்று வாதிடுவோருக்கு, அச்சுறுத்தல் கோட்பாட்டின் மூலவரிடமே ஆதரவு இல்லை.

அடுத்து வந்தது குற்றத்துக்கான காரணத்தை உடலிலும் பிறப்பிலும் தேடிய கோட்பாடு. செசாரே லோம்ப்ரோசோ 1876-இல் எழுதிய நூலில், மண்டையோட்டின் அமைப்பையும் முகக்கூறுகளையும் அளந்து, குற்றவாளிகளில் ஒரு பகுதியினர் பிறப்பிலேயே அவ்வாறு அமைந்தவர்கள் என்றார். அவருக்கு ஐந்தாண்டு முன்பே, 1871-இல், பிரித்தானிய அரசு இந்தியாவில் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை இயற்றி, ஒரு சாதியில் பிறந்ததையே சந்தேகத்துக்குப் போதிய காரணமாக்கியிருந்தது. 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கள்ளர் சமூகத்தினர் பலர் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டனர். அச்சட்டம் நாடு முழுவதும் 1952-இல் நீங்கியது. லோம்ப்ரோசோவின் முடிவுகளை அறிவியலும் கைவிட்டது. எனினும், திருப்பதி வழித்தடத்தில் பயணம் செய்யும் மலைவாழ் தமிழர் எவரையும் மரம் வெட்டுபவராகவே கருதும் பார்வையில் அந்தப் பழைய எண்ணம் இன்னும் உயிர்வாழ்கிறது.

பிறப்பை விடுத்துச் சமூக அமைப்பில் காரணம் தேடியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். ஒரு சமூகம் எல்லாருக்கும் ஒரே இலக்குகளைக் காட்டிவிட்டு, அவற்றை அடையும் நேர்வழிகளைச் சிலருக்கு மட்டும் திறந்து வைக்கும்போது தோன்றும் நெருக்கடியே நெறிபிறழ்வுக்கு வித்து என்று 1938-இல் அவர் எழுதினார். பிள்ளையின் படிப்புக்கும் மகளின் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் கடன் வாங்கியவருக்கு, தோட்டக் கூலியைவிடப் பலமடங்கு தருவதாகத் தரகர் சொல்லும் தொகை எவ்வாறு தோன்றும் என்பதை இக்கோட்பாடு தெளிவாக விளக்குகிறது. ஆனால் வறுமையில் வாடும் எல்லாரும் செம்மரம் வெட்டச் செல்வதில்லை. இந்த இடைவெளியை நிரப்புபவர் எட்வின் சதர்லாந்து: குற்றம் நெருங்கிய உறவுகளின் வழியே கற்றுக்கொள்ளப்படுவது, அதன் நுட்பமும் அதற்கான நியாயமும் அவ்வாறே கைமாறுகின்றன என்பது அவருடைய சேர்க்கை வேறுபாட்டுக் கோட்பாடு. சந்தன மரத்துக்குப் பேர்போன ஜவ்வாது மலையில் கோடரித் திறன் முன்பே இருந்தது. முன்னர்ச் சென்று திரும்பிய உறவினர் வழியாகவும் தரகர் வழியாகவும் அது செம்மரத்துக்குத் திரும்பியது.

அதே சதர்லாந்து 1939-இல் வெள்ளைக் காலர் குற்றம் என்னும் கருத்தை முன்வைத்து, மதிப்பும் பதவியும் உடையோர் தம் தொழிலின் ஊடே புரியும் குற்றங்களைக் குற்றவியல் காணாமல் விடுவதைக் கண்டித்தார். வெட்டுபவர், சுமப்பவர், தரகர், வாகனம் ஓட்டுபவர், கிடங்கு வைத்திருப்பவர், பொய்யான ஆவணங்களோடு துறைமுகம் கடத்துபவர், வெளிநாட்டில் வாங்குபவர் என நீளும் செம்மரச் சங்கிலியில் பெரும் இலாபம் மேற்கண்ணிகளுக்குச் செல்ல, துப்பாக்கியின் முன் நிற்பது கீழ்க்கண்ணி மட்டுமே.

சமூகம் ஒருவர்மீது குத்தும் முத்திரையே அவரைக் குற்றவாளி ஆக்குகிறது என்று ஹோவர்ட் பெக்கர் 1963-இல் விளக்கியது முத்திரைக் கோட்பாடு. அதற்குச் சான்றாக, 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டதை அடுத்துத் தமிழகக் கூலிகள் நூற்றுக்கணக்கில் சிறையில் அடைக்கப்பட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் நீண்ட காலத்துக்குப் பின் விடுதலையாயினர். அந்த இரு அலுவலர்களின் உயிரிழப்பு பெருங்கொடுமை. கூட்டமாகச் சிறைப்பிடித்ததால் அவர்களுக்கும் நீதி கிடைக்கவில்லை.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதைக் காப்பதற்கு, பணம் போடுபவரையும் வாங்குபவரையும் எட்டும் புலனாய்வும், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மலைவாழ் மக்களுக்கு உரிய நிலமும், சாமைக்கும் புளிக்கும் நியாயமான விலையும், தரகரின் முன்பணத்தை நாடத் தேவையில்லாத எளிய கடன்வசதியும் ஒருசேர வேண்டும். இவற்றை விடுத்துக் கோடரி பிடித்த கையை மட்டும் தண்டித்தால், அடுத்த பருவத்தில் தரகர் வேறொரு கையைத் தேடிக்கொள்வார்.