பாலேயும் பயதேரும்

ஹைதராபாத் பாலாநகர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் 'பால்' என்று கேட்டால் பேரிங்குக்குள் ஓடும் எஃகுக் குண்டைத்தான் எடுத்துத் தருவார்கள். ஆங்கிலத்தில் அதே எழுத்துகளோடு இன்னொரு 'பால்' உண்டு: சீமான்களும் சீமாட்டிகளும் ஜோடி சேர்ந்து ஆடும் விருந்து நடனம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குண்டு, ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். நடனம் லத்தீன் வழி வந்தது; பிற்கால லத்தீனில் 'பல்லாரே' என்றால் ஆடுதல். 'பாலே' அந்தப் பல்லாரேயின் பேத்தி. அதே பாட்டிக்கு இன்னொரு பேத்தியும் உண்டு. அவள் கடலூர்ப் பக்கம் வளர்ந்து, பாரிசுக்குக் கப்பலேறி, கடைசியில் கோல்கொண்டா அரசவையில் பாம்பு கடித்துச் செத்தாள்.

முதலில் மூத்தவள் கதை. இத்தாலியப் பிரபுக்கள் வீட்டு விருந்துகளில் ஆடிய ஆட்டம் 'பல்லோ'; அதன் செல்லப் பெயர் 'பல்லெத்தோ'. 1533இல் பிளாரன்சு நகரத்து மெதிச்சி குடும்பத்துப் பெண் கத்தரின் பிரெஞ்சு இளவரசனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். பின்னாளில் அரசியாகவும் ராஜமாதாவாகவும் அவள் நடத்திய கேளிக்கைகளில் பிறந்த ஊர் ஆட்டமும் சேர்ந்துகொண்டது. 1581 அக்டோபரில், பட்டத்தரசியின் தங்கை கல்யாணத்தை ஒட்டி, அரசியின் பெயராலேயே ஒரு பெரிய ஆட்டம் பாரிசில் அரங்கேறியது. பாட்டு, வசனம், நடனம், உருண்டுவரும் அலங்கார வண்டிகள் எல்லாம் சேர்ந்து இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலம் வரை நடந்தது. அமைத்தவர் பொஜுவாயே. பெயர்தான் பிரெஞ்சு; ஆள் இத்தாலிய வயலின்காரர். பாலே சரித்திரம் எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பிள்ளையார் சுழி போடுகிறார்கள்.

ஆடியவர்கள் கூலிக்கு வந்தவர்களல்ல, அரசியும் அரண்மனைச் சீமாட்டிகளுமே. அரசவையில் ஆட்டம் என்பது யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்ற கணக்கும்தான். அந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டவன் பதினான்காம் லூயி. 1653இல், பதினான்கு வயதில், இரவைப் பற்றிய ஒரு நீண்ட பாலேயின் முடிவில் பொன்னுடையில் உதயசூரியனாக வந்து நின்றான். 'சூரிய மன்னன்' என்ற பட்டம் கடைசிவரை அவனை விடவில்லை. 1661இல் பதின்மூன்று நடன ஆசிரியர்களை வைத்து அரச நடனக் கழகம் தொடங்கினான். பாதங்களை வைக்கும் ஐந்து நிலைகளை வகுத்த பெருமை அவனுடைய ஆசிரியர் பொஷாம்புக்குத் தரப்படுகிறது. இன்று டோக்கியோவில் ஆடினாலும் அசைவுகளின் பெயர் பிரெஞ்சில்தான். அரசனே ஆடிய அந்த ஆட்டத்தில், தொழிலாக ஆடும் பெண்கள் பாரிஸ் ஆப்பெரா மேடையில் ஏறியது 1681இல்தான்.

இளையவள் வேறு திசையில் போனாள். போர்த்துக்கீசியத்தில் ஆடுபவள் 'பைலதெய்ரா'. வேர் அதே பல்லாரே. நம் கரைகளில் இறங்கிய போர்த்துக்கீசியர், கோவில்களில் ஆடிய பெண்களைத் தங்களுக்குத் தெரிந்த அந்தச் சொல்லாலேயே அழைத்தார்கள். தேவரடியார், தளிச்சேரிப் பெண்டுகள் என்று நம் கல்வெட்டுகள் பதவியோடும் நிலத்தோடும் பதிந்து வைத்தவர்கள், ஐரோப்பியன் வாயில் வெறும் 'ஆட்டக்காரி' ஆனார்கள். பிரெஞ்சுக்காரன் அதைத் தேய்த்து 'பயதேர்' என்றான். குறுக்குக் கோடு போட்ட ஒரு துணிக்குக்கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1830இல் கடவுளும் பயதேரும் என்ற ஆப்பெராவில், அக்காலத்தின் பெரிய பாலே நட்சத்திரமான மரி தாலியோனி பயதேராக ஆடினார். நிஜ பயதேர் ஒருத்தியையும் அதுவரை பாரிஸ் பார்த்திருக்கவில்லை.

பார்த்தது 1838 ஆகஸ்டில். தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர், கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரம் பெருமாள் கோவிலைச் சேர்ந்த ஆட்டக்காரப் பெண்களையும் வாத்தியக்காரர்களையும் ஒப்பந்தம் பேசிப் புதுச்சேரி வழியாகக் கப்பலேற்றினார். மூத்தவள் தில்லம்மாள், கூட்டத்திலே சிறுமி ஒருத்தியும் உண்டு. பாரிசைக் கிறுகிறுக்க வைத்தவள் அம்மணி. மன்னர் லூயி பிலிப்பின் அரண்மனையிலும், பிறகு வரியேத்தே நாடக அரங்கிலும் ஆடினார்கள். ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியை வெண்கலத்தில் வார்த்தார். கவிஞர் தெயோபீல் கோத்தியே அவள் நிறத்தையும் நகைகளையும் அங்கம் அங்கமாகப் பத்திரிகையில் எழுதித் தள்ளினார். படிக்கும்போது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. ஆனால் அவர் மனதில் அந்த ஆட்டம் தங்கிவிட்டது என்பதும் தெரிகிறது. மூன்றே வருடத்தில் 'ஜிசேல்' பாலேயின் கதையில் அவர் கை இருந்தது. 1858இல் சகுந்தலையையே பாலேக் கதையாக எழுதினார். அதற்கு நடனம் அமைத்தவர் லுசியேன் பெத்திபா.

லுசியேனின் தம்பி மரியுஸ் பெத்திபா பீட்டர்ஸ்பர்கில் ஜார் மன்னரின் பாலே ஆசிரியர். 1877இல் அவர் மேடையேற்றிய 'லா பயதேர்' நடக்கும் இடம்தான் கோல்கொண்டா! கதாநாயகி நிகியா கோவில் ஆட்டக்காரி. அவள் காதலனுக்குத் தன் மகளைக் கட்டிவைக்க நினைக்கிறான் கோல்கொண்டா ராஜா. பூக்கூடைக்குள் ஒளித்து வைத்த பாம்பு கடித்து நிகியா சாகிறாள். காதலன் புகை இழுத்து மயங்க, வெள்ளை உடையில் ஆவிகள் ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கி வருகின்றன. இன்றும் உலகமெங்கும் கைதட்டு வாங்கும் காட்சி அது. பெத்திபா இந்தியாவுக்கு வந்தவரல்ல. கோல்கொண்டா என்றால் வைரம் என்பது ஐரோப்பாவில் எல்லோருக்கும் தெரியும், அது போதுமானதாக இருந்திருக்கிறது. கோட்டை ஔரங்கசீப்பிடம் விழுந்து அப்போது 190 வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் அங்கே ஆண்டவர்களும் ராஜாக்களல்ல, குதுப் ஷாஹி சுல்தான்கள்தான்.

பாலாநகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய நிஜக் கோட்டைக்கும் ஓர் ஆட்டக் கதை உண்டு. கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானிஷா, கிருஷ்ணா நதிப் பக்கத்துக் குச்சிப்புடி பாகவதர்களின் ஆட்டத்தில் மயங்கி, அந்த ஊரையே அவர்களுக்கு மானியமாக விட்டான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதில் நிகியா இல்லை. ஆடியவர்கள் எல்லோரும் ஆண்கள், சத்தியபாமா வேடம் போட்டவர் உட்பட. நம் தஞ்சாவூர் மெலட்டூருக்கும் இப்படி அச்சுதப்ப நாயக்கர் கொடுத்த மானியக் கதை ஒன்று இருக்கிறது. அரசவையின் தடம் ஆட்டத்துக்குள்ளேயும் கிடக்கிறது: 'சப்தம்' என்ற பழைய நடன உருப்படிகள் சில 'சலாம்' சொல்லி முடியும். தஞ்சை மராத்திய அரசர்களைப் பாட 'சலாம் தரு' என்றே ஒரு வகை இருந்தது. பாலே வகுப்பு முடியும்போது பிள்ளைகள் முழங்கால் மடக்கி வணங்குவதும் இதே சலாம்தான். ராஜா எழுந்து போய்விட்டார், வணக்கம் மட்டும் நிற்கிறது.

நிகியாவாக ஆடிப் பேர் வாங்கியவர்களில் ஒருவர் அன்னா பாவ்லோவா. 1920களின் இறுதியில் அவரைச் சந்தித்த, பின்னாளில் கலாக்ஷேத்திரம் தொடங்கிய ருக்மிணி தேவி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்தியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போங்கள் என்று பாவ்லோவா சொன்னதாகக் கலாக்ஷேத்திரத்தார் சொல்வார்கள். ருக்மிணி தேவி தேடிக் கற்ற, இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிர், திருவஹீந்திரபுரத்து அம்மணி ஆடியதன் வாரிசு. கற்றுக்கொடுத்தவர்களில் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் ஒருவர். கபாலீசுவரர் கோவிலின் தேவதாசி. பிரெஞ்சுக்காரன் பார்த்திருந்தால் 'பயதேர்' என்றிருப்பான்.

இப்போது ஹைதராபாத் ரவீந்திர பாரதியில், கதை சொல்லும் குச்சிப்புடி நாட்டிய நாடகத்துக்கும் 'பாலே' என்று போட்டுவிடுகிறார்கள். கால்விரல் நுனியில் யாரும் நிற்பதில்லை, காலில் சலங்கைதான். 'பயதேர்' பாலே மேடையில் மட்டும் மிச்சமிருக்கிறது, கோல்கொண்டாவில் யாருக்கும் தெரியாத பெயராக.