டிராக்டரின் மூச்சு

"டிராக்டர் எஞ்சின்டா அது." ஸ்டாண்டர்ட் 2000 காரைப் பற்றி அப்பா இப்படிச் சொன்னபோது திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது வரலாறு என்று புரிவதற்கு, மாமல்லபுரத்து மணலில் நான் ஒருமுறை தோற்க வேண்டியிருந்தது.

வண்டலூர் ஆலையிலிருந்து 1985ல் வந்த கார் அது. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. அங்கே 1976ல் அறிமுகமானபோது முகப்புக்குள் இருந்தது 3.5 லிட்டர் வி8 எஞ்சின். இங்கே வைத்தது 1991 சிசி, நான்கு சிலிண்டர். அதன் பூர்வீகம் 1940களின் ஸ்டாண்டர்ட் வான்கார்ட். அதே குடும்பத்து எஞ்சின்தான் கவென்ட்ரியில் தயாரான ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரிலும், 1953ல் வந்த டிரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. டிராக்டரில் முப்பது குதிரைசக்திக்கும் குறைவு, டிஆர்2வில் 90. சிலிண்டர் விட்டம், கம்ப்ரஷன், கேம் எல்லாம் மாறின என்பது உண்மை. ஆனால் ஒன்று நிமிடத்துக்கு 2000 சுற்றை ஒட்டி உழைக்கப் பிறந்தது, மற்றது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுற்ற. அதற்கேற்ப மூச்சு வாங்கும் வழியும் மாறியது.

1996ல் எங்கள் செங்கல்பட்டு பட்டறைக்கு ஒரு ஜீப் பிக்கப் வந்தது. பழைய ஸ்டாண்டர்ட் 2000 எஞ்சினை அதில் ஏற்றி, ஒற்றை கார்புரேட்டரோடு அப்பா ஓடவிட்டார். திருக்கழுக்குன்றம் வழியாக மீனவக் குப்பத்துக்கு ஐஸ் பார் ஏற்றிப் போகும் வண்டி. டிப்ளமோ முடித்திருந்த நான், அப்பா ஊரில் இல்லாத நாளில், அகலமான குட்டைக் குழாய்களில் ஒரு மேனிபோல்டு செய்து இரண்டு கார்புரேட்டர் மாட்டினேன். தார்ச்சாலையில் பறந்தது. கடற்கரை மணலில் கிளட்சை விட்டதும் இருமி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி அணைந்தது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் தள்ளித்தான் வெளியே எடுத்தோம். அன்றைய ஐஸுக்குக் காசு கொடுத்தது அப்பா.

அவர் திட்டவில்லை. ஹோஸ் பைப்பின் வாயை விரலால் பாதி மூடிக் காட்டினார். "மெதுவா சுத்தறப்ப காத்து ஓடணும்னா வழி ஒடுக்கமா இருக்கணும். நீ தெருவையே திறந்து வுட்டுட்ட."

நிமிடத்துக்கு 2000 சுற்றில் உள்வால்வு ஏறக்குறைய 20 மில்லிசெகண்ட் திறந்திருக்கும். 4000ல் அதில் பாதி. மெதுவான சுற்றில், அகலக் குழாயில் காற்று சோம்பி நிற்கிறது, பெட்ரோல் துளிகள் சுவரில் படிகின்றன. ஒடுங்கிய, நீண்ட குழாயில் காற்று வேகம் பிடிக்கிறது. பிஸ்டன் திரும்பிய பிறகும் அந்த வேகமே இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளுகிறது. அதோடு வால்வு மூடித் திறப்பதால் எழும் அழுத்த அலை, குழாயின் நீளத்துக்கேற்ற நேரத்தில் திரும்பி வருகிறது. சுற்று குறைவென்றால் நேரம் அதிகம், ஆகவே குழாய் நீளவேண்டும். கிரைஸ்லர் 1960ல் 300எஃப் காருக்கு 76 செ.மீ. நீளத்துக்குக் குழாய்களை குறுக்கும் நெடுக்குமாகப் போட்டது, நடுத்தரச் சுற்றில் இழுவைக்காக. அதிக வேகம் கேட்டவர்களுக்கு அந்த நீளத்தைப் பாதியாக்கியது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்பதை அமெரிக்காவே ஒப்புக்கொண்ட கதை இது. டர்போ வந்தபின் லாரிகளில் இந்தக் கணக்கு பின்னுக்குப் போய்விட்டது.

ஸ்டாண்டர்ட் 2000 உற்பத்தி 1988க்குள் நின்றது. வி8க்காக வரைந்த உடம்பைச் சுமந்து, சொகுசுக் காராக ஓடச் சொன்னார்கள். மந்தம் என்றும் பெட்ரோல் குடிக்கிறது என்றும் பெயர் வாங்கியது. அப்பா பழைய மேனிபோல்டை மாட்டியதும் அதே எஞ்சின் முழுச் சுமையோடு மணலில் முனகாமல் ஏறியது. அதன் பிறகு 'டிராக்டர் எஞ்சின்' என்பது எனக்கு வசவாகவே கேட்டதில்லை.