வரி குறைந்தால் கடன் கூடுமா? நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேர்தல் நெருங்கினால் வரிக் குறைப்பு, உதவித்தொகை, மானியம் என்ற சொற்கள் அதிகம் காதில் விழும். மூன்றுக்கும் பணம் ஒரே இடத்திலிருந்துதான் வர வேண்டும். அதற்கு நம் நாட்டின் ஜிஎஸ்டி ஒரு நல்ல பாடம்.

ஜிஎஸ்டி போனபோது என்ன நடந்தது?

6 விழுக்காட்டு பொருள் சேவை வரி 2015 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்தது. 2017இல் அதன் மூலம் சுமார் 4,400 கோடி வெள்ளி வசூலானது. 2018 ஜூன் 1இல் அது பூஜ்யமாக்கப்பட்டு, செப்டம்பர் 1இல் எஸ்எஸ்டி திரும்பியது. 2019இல் எஸ்எஸ்டி வசூல் 2,800 கோடி வெள்ளியைக்கூட எட்டவில்லை.

வருமானம் குறைந்தாலும் சம்பளம், ஓய்வூதியம், மருந்துச் செலவு குறையவில்லை. வணிகர்களுக்கும் மற்றவர்களுக்கும் நிலுவையில் இருந்த வரிப் பணத்தைத் திருப்பித் தர, 2019இல் பெட்ரோனாஸிடமிருந்து 3,000 கோடி வெள்ளி சிறப்பு ஈவுத்தொகை பெறப்பட்டது.

அரசாங்கம் எதற்குக் கடன் வாங்கலாம்?

சம்பளம் போன்ற நிர்வாகச் செலவுக்கு வரி வருமானம். பள்ளி, சாலை, மருத்துவமனை போன்ற மேம்பாட்டுச் செலவுக்கே கடன். இதுவே வழக்கமான விதி. கோவிட் காலத்தில் தனிச் சட்டத்தின் மூலம் இது தளர்த்தப்பட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 55 விழுக்காடாக இருந்த கடன் வரம்பு 2020இல் 60ஆகவும், 2021இல் 65ஆகவும் உயர்ந்தது.

வட்டி எவ்வளவு?

2023 இறுதியில் மத்திய அரசாங்கக் கடன் சுமார் 1.17 லட்சம் கோடி வெள்ளி. அவ்வாண்டு வட்டிக்கு மட்டும் சுமார் 4,600 கோடி வெள்ளி போனது. அதாவது, அரசாங்கத்துக்குக் கிடைத்த ஒவ்வொரு 100 வெள்ளியிலும் ஏறக்குறைய 15 வெள்ளி வட்டிக்கே சரி.

இக்கடனில் பெரும்பகுதி உள்நாட்டில், வெள்ளியிலேயே வாங்கியது. அரசாங்கப் பத்திரங்களை அதிகம் வைத்திருப்போரில் இபிஎஃப் ஒன்று. ஆக, தோட்டத் தொழிலாளியின் சேமிப்பும் அரசாங்கத்துக்குக் கடனாகப் போகிறது. வட்டியில் ஒரு பங்கு ஈவாக அவருக்கே திரும்புகிறது. சேமிப்பு இல்லாதவருக்கோ அந்தப் பங்கும் இல்லை.

நம்மை எப்படித் தொடும்?

சம்பளம் குறைவு என்பதால் வருமான வரி கட்டாத குடும்பமும் கடையில் வரி கட்டுகிறது. 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடானது. உணவு, பானம், தொலைத்தொடர்பு போன்ற சில சேவைகளுக்குப் பழைய 6 நீடித்தது. அதே ஆண்டு ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது.

வட்டியைத் தள்ளிப்போட முடியாது. புதிய கட்டடத்தைத் தள்ளிப்போடலாம். பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் மானியத்தை நம்பியிருப்பதால் இது நமக்கு வெறும் கணக்கு அல்ல.

இனி என்ன?

2023இல் நிறைவேறிய பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம் கடனை 60 விழுக்காட்டுக்குள்ளும் ஆண்டுப் பற்றாக்குறையை 3 விழுக்காட்டுக்குள்ளும் கொண்டுவர இலக்கு வைத்துள்ளது.

எந்தக் கட்சி வரியைக் குறைப்பதாகச் சொன்னாலும் வாக்காளர் கேட்க வேண்டியது ஒன்றே: எந்தச் செலவு குறையும், எந்த வரி கூடும், அல்லது எவ்வளவு கடன் ஏறும்? மூன்றில் ஒன்று நடந்தே தீரும்.