வில்லை சொல்லும் வரலாறு



பள்ளியில் பயின்ற நாளில் ஒருமுறை என் தந்தையாருடன் வங்கிக்குச் சென்றேன். அவர் காசோலையை நீட்டினார். எழுத்தர் அதனை வாங்கிக்கொண்டு, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்தார். தந்தையார் அதனை என் உள்ளங்கையில் வைத்து, "எண்ணைக் கூப்பிடும் வரை பத்திரமாக வைத்திரு" என்றார். காலணாவும் பெறாத அந்த உலோகத் துண்டை அரைமணி நேரம் இறுகப் பற்றியிருந்தேன். அது தொலைந்தால் பணமும் தொலைந்துவிடும் என்பது என் அச்சம்!

இன்று அப்பித்தளை வில்லையின் இடத்தை எண் அச்சிட்ட சீட்டு பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. மருத்துவமனையிலும் உணவு விடுதியிலும் அதனை 'டோக்கன்' என்றே வழங்குகிறோம். பெயர் புதிது, பொருள் பழையது. தன்னளவில் மதிப்பற்ற ஒன்று, வேறொன்றுக்காக நிற்கிறது. அசோக வனத்தில் சீதை அனுமனை நம்பியது எதனால்? இராமனின் கணையாழியால் அன்றோ? அங்கே பொன்னின் எடை பெரிதன்று. அது யாருடைய விரலில் இருந்தது என்பதே பெரிது.

இத்தகைய அடையாளத்தின் உருக்கமான வரலாறு ஒன்று இலண்டன் மாநகரில் உண்டு. தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர், தெருவில் விடப்பட்ட குழந்தைகளைக் கண்டு மனம் நொந்து, 1739ஆம் ஆண்டில் அரசரின் சாசனம் பெற்று ஒரு காப்பகத்தை நிறுவினார். 1741இல் அது முதற் குழந்தைகளை ஏற்றது. வறுமையால் பிள்ளையை ஒப்படைத்த தாய்மார், பின்னொரு நாளில் மீட்க வரும்போது சான்றாகும் பொருட்டு ஏதேனும் ஒரு சிறு பொருளை விட்டுச் சென்றனர். தேய்ந்த நாணயம், பொத்தான், நாடா, ஆடையில் வெட்டிய துணித்துண்டு எனப் பலவும் அவற்றுள் இருந்தன. அவற்றுட் பல இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. திரும்பி வந்து பிள்ளையைப் பெற்ற தாய்மாரோ மிகச் சிலரே. காத்திருந்த அந்தத் துணித்துண்டுகளே அத்தாய்மாரின் வரலாற்று ஏடுகள்.

அன்பிற்குச் சான்றான பொருள், கூலிக்கும் ஈடாயிற்று. அதே நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் சில்லறைச் செப்புக் காசுக்குப் பெரும் பஞ்சம். தொழிலாளிக்குக் கூலி கொடுக்கவும் காசு இல்லை. 1787இல், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சீத் தீவின் பாரிஸ் மலைச் செப்புச் சுரங்கத்தார் தாமே வில்லைகளை அச்சடித்தனர். கொண்டுவருவோர்க்கு ஒரு பென்னி தருவோம் என்னும் உறுதிமொழி அவற்றிற் பொறிக்கப்பட்டது. வாக்குக் காக்கப்பட்டவரையில் வில்லையும் காசாக ஓடியது. ஆயினும், முதலாளியின் கடையில் மட்டுமே செல்லும் வில்லையையோ சீட்டையோ கூலியாகக் கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் வேரூன்றியிருந்தது. அக்கடையில் விலை ஏறினாலும் தொழிலாளி வேறு கடைக்குப் போக வழியில்லை. இக்கொடுமையைத் தடுக்கவே, பல தொழில்களில் கூலியை நாட்டு நாணயமாகவே கொடுக்க வேண்டும் என்று 1831இல் சட்டம் வந்தது.

இனி, நம்மவர் கழுத்தில் தொங்கிய வில்லைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளிக்குத் தகர வில்லை ஒன்று தரப்பட்டது. அதில் ஊரும் பேரும் இல்லை. தோட்டத்தைக் குறிக்கும் எண் இருந்தது. அதைக் காட்டினால் கையில் காசின்றியே கப்பலிலும் இரயிலிலும் தோட்டம் வரை செல்லலாம். வழிச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பெரும்பாலும் அதுவே பின்னர் தொழிலாளியின் கடனாக மாறும்.

தோட்டத்தில் மற்றோர் அடையாளம் காத்திருந்தது. அதன் பெயர் 'துண்டு'. இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு அது. வேறு தோட்டத்தார் அத்தொகையைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொள்வர். தோட்டம் மாறும்; கடன் மாறாது, கூடவே வரும். தமிழ்ச் சொல்லாகிய 'துண்டு' ஆங்கில அரசாங்க ஏடுகளிலும் அப்படியே இடம் பெற்றது. 1921இல் இலங்கைச் சட்டம் அம்முறையை ஒழித்தது.

நண்பர்களே, கணையாழியும் தகர வில்லையும் அடையாளங்களே. ஒன்று பிரிந்தோரைச் சேர்த்தது. மற்றொன்று மனிதனை எண்ணாக்கியது. வேற்றுமை உலோகத்தில் இல்லை. வில்லையை வைத்திருப்பவன் அதைக் காட்டித் தன் உரிமையைக் கேட்க முடியுமானால், அது வாக்குறுதி. அதைக் கொடுத்தவனே அவனைக் கேட்கும் உரிமை பெற்றுவிட்டால், அது விலங்கு.

அன்று வங்கியில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். வில்லையைக் கொடுத்தேன், பணம் வந்தது. அதனை இயல்பான செயலென்றே அந்நாளில் எண்ணினேன். கையிலிருந்த துண்டுக்கு உரிய விடை கிடைக்காமலே மறைந்தவர் பலர் என்பதை வரலாறுதான் எனக்குப் பின்னர் கற்பித்தது. அடுத்த முறை ஓர் எண் சீட்டைக் கையில் வாங்கும்போது, அது நமக்கு எதனை உறுதி கூறுகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.