திருத்தம்

பொருந்து – பொருத்து – பொருத்தம், வருந்து – வருத்து – வருத்தம் என்ற வரிசையில் வருவது திருந்து – திருத்து – திருத்தம். தானே செம்மையாவது திருந்துதல். பிறர் செம்மையாக்குவது திருத்துதல். காடு திருத்திக் கழனியாக்கினார்கள். தலைமுடியைத் திருத்துகிறோம். வைணவ வீடுகளில் காய் நறுக்குவதையும் திருத்துவது என்பார்கள். இவை எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று வெட்டி அகற்றப்படுகிறது.

பிறப்புப் பதிவேட்டில் மட்டும் அப்படியில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 15ஆம் பிரிவில், முதலில் எழுதிய பதிவை மாற்றாமல், திருத்தத்தை ஓரத்தில் எழுதிப் பதிவாளர் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும் என்கிறது. தவறான எழுத்தும் சரியான எழுத்தும் ஒரே தாளில் சேர்ந்தே இருக்கும். பத்திர எழுத்தர்கள் ‘அடித்தல் திருத்தல்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். இங்கே அடித்தல் இல்லாத திருத்தல்.

ஆகவே பாட்டியின் பழைய சான்றில் ஓரக்குறிப்பைக் கண்டால் போலியோ என்று பதற வேண்டாம். அதன் தேதியை முதலில் பாருங்கள். பிறந்து பல ஆண்டுகள் கழித்த தேதி என்றால், பள்ளிச் சேர்க்கையோ வேலையோ கடவுச்சீட்டோ அந்தத் திருத்தத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம். பெயரே இல்லாமல் பதிவான குழந்தைக்குப் பின்னால் பெயர் சேர்ப்பது வேறு. அது 14ஆம் பிரிவு. அதைத் திருத்தம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே பிழை எதுவும் இல்லை, வெற்றிடம்தான் இருந்தது.