மோட்டார் சைக்கிளைச் சுமக்கும் பெட்டிகள்: அமெரிக்காவின் மூடிய டிரெய்லர்கள்

மூடிய டிரெய்லர் என்பது கார் அல்லது சிறு லாரியின் பின்னால் கொக்கியிட்டு இழுத்துச் செல்லப்படும், சுவர்களும் கூரையும் உள்ள வண்டி. இதற்குச் சொந்த எஞ்சின் கிடையாது. (திரைப்பட முன்னோட்டத்துக்கும் இதே பெயர்தான். தொடக்கத்தில் அது படம் முடிந்தபின் காட்டப்பட்டதால், பின்தொடர்வது என்ற பொருளில் அப்பெயர் பெற்றது.) ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிளை ஏன் பெட்டிக்குள் ஏற்றி இழுக்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான விடை அமெரிக்கப் பந்தய வரலாற்றில் இருக்கிறது.

1930களின் முற்பாதியில், பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலத்தில், அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 'கிளாஸ் சி' என்ற பந்தயப் பிரிவைக் கொண்டுவந்தது. கடையில் விற்கும் வண்டியை வைத்தே இதில் போட்டியிடலாம். வீரர் வீட்டிலிருந்து வண்டியை ஓட்டி வருவார். முகப்பு விளக்கைக் கழற்றிவிட்டுப் பந்தயத்தில் ஓடுவார். மாலையில் விளக்கைத் திரும்பப் பூட்டிக்கொண்டு வீடு திரும்புவார். 1937இல் புளோரிடாவின் டேடோனா கடற்கரையில் 200 மைல் பந்தயம் முதன்முதலாக நடந்தது. இந்தியன் நிறுவன வண்டியில் எட் கிரெட்ஸ் வென்றார். மறு ஆண்டு ஆகஸ்டில் தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில், ஒன்பது பேர் மட்டும் போட்டியிட்ட ஒரு பந்தயம் நடந்தது. இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் ஸ்டர்ஜிஸ் திருவிழாவின் தொடக்கம் அதுவே.

பெரிய மாற்றம் 1966இல் வந்தது. சுவீடனின் ஹஸ்க்வர்னா வண்டிகளை இறக்குமதி செய்த எடிசன் டை, உலக வெற்றிவீரரான டார்ஸ்டன் ஹால்மனை அழைத்துவந்து, மேடுபள்ளமான மண்பாதையில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்தை அமெரிக்கர்களுக்குக் காட்டினார். இவ்வகை வண்டிக்கு முகப்பு விளக்கும் இல்லை, எண் பலகையும் இல்லை. சாலையில் ஓட்டினால் சட்டமீறல். ஆகவே வாங்கிய நாள்முதலே அதை ஏதாவது ஒன்றில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 1971இல் வெளியான 'ஆன் எனி சண்டே' ஆவணப்படம் இந்த விளையாட்டின் மேல் பலருக்கும் ஆசையை உண்டாக்கியது.

முதலில் கைகொடுத்தவை பிக்கப் லாரிகளும், 1961இல் வந்த ஃபோர்டு எகனோலைன் போன்ற வேன்களும்தான். வேனுக்குள் வண்டிகளும் உதிரிப்பாகங்களும் போக மிஞ்சிய இடத்தில் மெத்தை விரித்து, வீரரும் மெக்கானிக்கும் முறைவைத்துத் தூங்கிக்கொண்டே ஊர் ஊராகப் போனார்கள். வேன் இல்லாதவர்கள் திறந்த டிரெய்லரில் ஏற்றினார்கள். அதில் மழையும் புழுதியும் மட்டுமா தொல்லை? இரவு விடுதி வாசலில் நிறுத்தினால், என்ன வண்டி, எத்தனை வண்டி என்று போவோர் வருவோர் எல்லாருக்கும் தெரியும். திருடனுக்கும் தெரியும். மூடிய பெட்டி இந்த விலாசத்தை மறைத்தது. பூட்டவும் முடிந்தது, உள்ளே நின்று பழுது பார்க்கவும் முடிந்தது. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் சுற்றுலா வீட்டுவண்டிகளைக் கட்டும் தொழில் ஏற்கெனவே செழித்திருந்தது. சட்டம், அச்சு, அலுமினியத் தகடு, ஒட்டுப்பலகை, பழகிய தொழிலாளர் எல்லாம் அங்கேயே கிடைத்ததால், சரக்குப் பெட்டிகளும் அங்கே பெருகின. இவற்றின் பின்சுவர் கீழ்நோக்கித் திறந்து, வண்டியை உருட்டி ஏற்றும் சாய்தளமாக மாறும்.

பின்னர் பந்தயத்துக்கே போகாதவர்களும் பெட்டி வாங்கினார்கள். டேடோனா விழா மார்ச் மாதத்தில் வருகிறது. அப்போது வடமாநிலங்களில் பனி விலகியிருக்காது, சாலையெங்கும் உப்புத் தூவியிருப்பார்கள். ஸ்டர்ஜிஸுக்கோ தூரம்தான் தடை; நியூயார்க்கிலிருந்து 2,700 கி.மீ. ஆகும். ஒரு வார விடுப்பில் போய்வர எல்லாருக்கும் உடம்பு இடம் கொடுக்காது. "நான் ஓட்டியே வந்தேன்" என்று பொருள்படும் வாசகத்தைச் சட்டையில் அணிந்து, பெட்டியில் கொண்டுவந்தவர்களைக் கேலி செய்வோர் அங்கே உண்டு. அறுபதைத் தாண்டிய முழங்காலுக்கு அந்தக் கேலி புரியாது என்பது என் கருத்து.

ஆபத்து இருப்பது வேறிடத்தில். வண்டியைப் பக்கத்தாங்கியில் சாய்த்து நிறுத்தக் கூடாது. முன்சக்கரத்தை அதற்குரிய பிடியில் செருகி, நிமிர்ந்த நிலையில், முன்பக்க ஸ்பிரிங் சற்று அமுங்கும்படி இருபுறமும் பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். அடுத்தது பாரம். மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்ப்பதைப் போலத்தான் இங்கும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். பின்பாரமானால் வேகத்தில் பெட்டி வாலாட்டத் தொடங்கி, இழுக்கும் காரையும் புரட்டிவிடக்கூடும்.

பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். எனவே ஓரச்சுப் பெட்டிகள் பலவற்றின் எடை வரம்பை 2,990 பவுண்டு, அதாவது சுமார் 1,356 கிலோ, என்று குறித்தே விற்கிறார்கள். 12 அடி நீளப் பெட்டி ஏறத்தாழ 500 கிலோ இருக்கும். நெடுந்தூரப் பயணத்துக்கான பெரிய ஹார்லி ஒன்று சுமார் 400 கிலோ. அப்படி இரண்டை ஏற்றினால் கருவிகளுக்கும் துணிமணிக்கும் மிஞ்சுவது ஐம்பது கிலோ அளவுதான். உள்ளே இன்னும் இடம் காலியாகத் தெரிகிறதே என்று மூன்றாவது வண்டியையும் ஏற்றுபவர், பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒட்டியுள்ள எடை வரம்புத் தகட்டை முதலில் படிக்க வேண்டும்.